எனக்கு வலது கைப்பக்கம்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா புஷ்பம் புது வீட்டில் பால் காய்ச்சினாள்.

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும், லிந்துலைக்கு மேலே ஏறுகிற பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய நாலாம் லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில். அக்கா கல்யாணம் முடித்துப் போனதும் அதே லயத்தில் மூன்று கதவு தள்ளித்தான். இப்போது நாற்பத்தேழு வயதில், நாலு சுவரும் யாரோடும் ஒட்டாமல் நிற்கிற ஒரு வீடு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. கதவில் ஒரு இலக்கம். அந்த இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பாதையின் பெயர்.

"இனிமே கடுதாசி எனக்கே நேரா வரும்டி. தோட்டத்து ஆபீசுல கெடக்காது" என்று போனில் சொன்னாள்.

இந்தக் காலத்தில் யார் உனக்குக் கடுதாசி போடப் போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். அவள் சந்தோஷத்தில் நான் ஏன் மண்ணைப் போட வேண்டும்?

நான் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. இந்தப் பின்லாந்தில் என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்து மூன்று மாதமாகிறது. எப்போது கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே பதில். கணினியும் அதையே சொல்கிறது, கணினிக்கு முன்னால் இருக்கிற பெண்ணும் அதையே சொல்கிறாள். அட்டை கையில் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரும்போது இழுபறி. சத்தம் போடலாம் என்றால் இங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. நானும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல்.

பதினாறு வருடத்துக்கு முன்னால், கணவரின் படிப்பை ஒட்டி இங்கே வந்த புதிதில், பதிவு அலுவலகத்தில் பிறந்த இடத்து முகவரியைக் கேட்டார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், நாலாம் லயம் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "தெருவின் பெயர்?" என்றார். தெரு இல்லை என்றேன். "அப்படியானால் தபால்காரர் எப்படி வருவார்?" என்றார். தபால்காரர் வரமாட்டார், நாங்கள்தான் போவோம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பின்னிஷில் சொன்னேன். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார். என் பத்திரங்களில் இன்றைக்கும் அந்தக் கோடு இருக்கிறது.

2

ஊரில் யாராவது என் வேலையைக் கேட்டால் "போன் கம்பனி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்றைக்கு அப்படி நகர முடியாது. அக்கா பால் காய்ச்சுவதற்கு மூன்று நாள் முன்னால் அந்த வேலையில்தான் ஒரு கோளாறு பண்ணிவிட்டேன்.

உங்கள் கையில் இருக்கிற போன், பக்கத்தில் நிற்பவரின் போனோடு நேரே பேசுவதில்லை. இரண்டும் கோபுரத்தோடு பேசும், கோபுரம் நடுவில் நின்று சேர்த்து வைக்கும். போன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் பெரும்பாலும் கோபுரத்தையும் வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளையும் நம்பித்தான். கோபுரம் விழுந்துவிட்டால்? அடர்ந்த காட்டுக்குள், சுரங்கத்துக்குள், மண்ணுக்கு அடியில் ஒரு ஆள் இருந்தால்? அப்போது போன்கள் தங்களுக்குள் நேராகக் குரல் கொடுத்து, நீ எனக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று அளந்துகொள்ள வேண்டும். தான் நிற்கிற இடம் தெரிந்த மூன்று போன்கள் அளந்து சொன்னால், நாலாவது எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். அந்த ஏற்பாட்டைக் காட்டிலும் மேட்டிலும் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. செம்மஞ்சள் நிறப் பெட்டிகளில் பன்னிரண்டு போன், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நம்பர் ஒட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு அலைகிறேன்.

தூரம் அளப்பது பெரிய காரியமில்லை. யாரை அளக்கிறோம் என்பதில்தான் தலைவலி. போன் தன் நிரந்தர அடையாளத்தைக் காற்றில் சொல்லாது. சொன்னால் வழியில் போகிறவர்களெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரலாம். அதனால் தற்காலிகமாக ஒரு நம்பரைச் சொல்லும், கொஞ்ச நேரத்தில் அதையும் மாற்றிக்கொள்ளும். எந்த நம்பர் எந்தக் கருவியுடையது என்று ஒரு பட்டியல் உள்ளே இருக்கும். பட்டியலில் இருக்கிற கருவிக்குத்தான் மற்ற போன்கள் பதில் சொல்லும். இல்லாதவர் எவ்வளவு கத்தினாலும் அந்நியர் என்று தள்ளிவிடும். பட்டியலில் பிழை இருந்தால் தூரம் சரியாக இருக்கும், ஆள் மாறியிருக்கும்.

சோதனைக்கு முன்னால் மிக்கோ வாக்கிடாக்கி வானொலியில் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிடுவான். மிக்கோ எங்கள் குழுவின் தலைவன். என்னைவிடப் பத்து வயது இளையவன், நல்லவன், அவசரக்காரன். முதல் நாள் என் பெயரைக் கூப்பிட்டபோது என்னையறியாமல் "இருக்கேங்க" என்றேன். தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் சேர்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் சொல்கிற பதில் அது. நான் ஒரு நாளும் பெரட்டில் நின்றதில்லை. கேட்டே வளர்ந்ததால் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன அர்த்தம் என்று கேட்டார்கள், சொன்னேன். இப்போது மிக்கோவே சில நாள் வானொலியில் "இருக்கேங்க" என்கிறான். அவன் வாயில் அது ஏதோ மீன் பெயர் மாதிரி வருகிறது.

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. போன மாதம் தன் போனில் தான் இருக்கிற இடம் எனக்குத் தெரிகிற வசதியை அணைத்துவிட்டாள். ஏன் என்று தமிழில் கேட்டேன். பின்னிஷில் பதில் வந்தது: "நீ காட்டில் போன்களைத் தேடு அம்மா. என்னைத் தேடாதே." அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

3

அந்த வியாழக்கிழமை மீட்புப் படையிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஏற்பாடு அவர்களுக்குப் பிடித்தால், அடுத்த வருடம் அதை உண்மையான தேடல்களில் பாவிக்கலாம் என்ற நிலை. மிக்கோ புதுச் சட்டை போட்டிருந்தான். காடு முழுக்க மூட்டம், தூறல். லிந்துலையில் ஆடி மாதம் இறங்குகிற அதே மூட்டம், பத்தடிக்கு அப்பால் ஆளே தெரியாது. எனக்கு மட்டும் மனசுக்குள் ஒரு குளுகுளுப்பு. மற்றவர்கள் எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெக்கா என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டராக வந்தவர், காட்டுக்குள் போய் மயங்கிக் கிடக்கிற ஆளாக நடிக்க வேண்டும். அவர் கையில் ஏழாம் நம்பர் போன். பேசக்கூடாது, அசையக்கூடாது. காட்டில் அங்கங்கே வைத்த மற்ற போன்களைக் கொண்டே நாங்கள் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் பெட்டியைத் திறந்தபோது ஏழாம் நம்பர் குளிரில் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. மிக்கோ விருந்தினர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். பட்டியலில் ஒரு இடம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். ஏழிலிருந்த சிம்மைக் கழற்றி உபரி போனில் போட்டேன். ஏழு என்ற ஒட்டுத்தாளையும் உரித்து இதில் ஒட்டினேன். பெக்காவிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். பழைய போனை வேனில் சார்ஜில் போட்டேன். மிக்கோவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஆள் வராவிட்டால் இன்னொரு ஆள் அந்தப் பெயரில் போவது எங்கள் ஊரில் சாதாரணம்.

பட்டியல் சிம்மைப் பார்ப்பதில்லை, கருவிக்குள் பதிந்த அடையாளத்தைப் பார்க்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆறு வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஆனால் கை பழகியதைத்தான் செய்தது.

சோதனை தொடங்கியது. பத்தே நிமிடத்தில் திரையில் ஏழாம் நம்பர் பளிச்சென்று வந்தது. மீட்புப் படையினர் கைதட்டினார்கள். திரை காட்டிய திசையில் மூட்டத்துக்குள் நடந்தார்கள். நேரே எங்கள் வேனுக்குப் போய் நின்றார்கள்.

வேனைச் சுற்றி வந்தார்கள். அடியில் குனிந்து பார்த்தார்கள். மிக்கோவின் முகம் சிவந்துவிட்டது. கணினியைத் தட்டினான், கம்பியைப் பிடுங்கிச் செருகினான். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வேனில் சார்ஜ் ஏறி உயிர் வந்த பழைய போன், நான்தான் ஏழு என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெக்காவின் கையில் இருக்கிற போன் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது பட்டியலில் இல்லை. எல்லாப் போனும் அதைத் தள்ளிவிடும்.

எனக்கு விளங்கியது, ஆனால் வாய் திறக்கவில்லை. ஆறு விருந்தினர், மிக்கோவின் புதுச் சட்டை, பரிசீலனையில் கிடக்கிற என் அட்டை, எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயது மனிதர் ஈரத் தரையில் அசையாமல் படுத்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

இதே மாதிரி நான் முன்பும் ஒரு தடவை நின்றிருக்கிறேன்.

4

எனக்கு அப்போது பதினாறு வயது, அக்காவுக்கு இருபத்தொன்று. அம்மா இறந்து இரண்டு வருடம். அக்காவுக்குத் தோட்டத்தில் பெயர் இல்லை. புதிதாக யாரையும் பதிய மாட்டோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் காம்பிரா லெட்சுமிக்குப் பெயர் இருந்தது. அவள் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் ஒருவராவது கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் ஆபீசில் காம்பிராவைத் திரும்பக் கேட்பார்கள் என்ற பயம். லெட்சுமியின் மாமியாரும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? ஆகவே லெட்சுமியின் பேருக்கு அக்கா மலைக்குப் போனாள். பேருக்குப் போவது என்பது இதுதான்.

இது ஊருக்கே தெரியும். கொழுந்து எடுக்கிற பெண்கள் அவளைப் புஷ்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளை தெரியாத மாதிரி இருந்தார். பெரட்டில் "லெட்சுமி" என்று கூப்பிடும்போது மட்டும் அக்கா "இருக்கேங்க" என்பாள். அதுவும் பாதிக் குரலில், தலையைக் குனிந்துகொண்டு. யாரும் நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாதே.

ஆனி மாத மழை. பள்ளிக்கூட பஸ் வரவில்லை என்று நான் லயத்திலேயே இருந்தேன். பத்து மணி இருக்கும், ஒன்பதாம் நம்பர் மலையில் மண் சரிந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மலையில் அன்றைக்கு இருபத்திரண்டு பெண்கள். மூட்டத்தில் ஆளுக்கொரு திசையாக ஓடினார்கள். சிலர் கீழே இஸ்டோருக்கு, அதுதான் தேயிலை அரைக்கிற ஃபெக்டரி. சிலர் மேலே கோயிலுக்கு. அப்பா மலையின் அந்தப் பக்கம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

மீட்புக்கு வந்தவர்களில் ஒரு அதிகாரி, சிங்களவர், ஆபீசிலிருந்து பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு முதலில் சரிவின் ஓரத்தில் நின்று எல்லாப் பெயரையும் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு லயத்துக்கு வந்தார். மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு பெயராக வாசித்தார். "கோயில்ல இருக்கா", "இஸ்டோருக்குப் போனதப் பாத்தேங்க" என்று யாராவது சொல்லச் சொல்ல, பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். பொறுமையான மனிதர்.

"லெட்சுமி?"

லெட்சுமியின் மாமியார் நடுங்கிப்போனாள். பதற்றத்தில் மனுஷிக்கு உண்மை வந்துவிட்டது. "அவ கொழும்புல இருக்கா சாமி. பத்திரமா இருக்கா."

கொழும்பு என்ற சொல் அவருக்கு விளங்கியது. தலையை ஆட்டிவிட்டு லெட்சுமி பெயரையும் அடித்தார். கடைசிப் பெயரையும் வாசித்து முடித்துப் பக்கத்தில் நின்றவரிடம், "ஒக்கொம இன்னவா" என்றார். எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். லயத்தில் அந்த நேரம் நின்றவர்களில் நல்ல சிங்களம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

லெட்சுமி கொழும்பில்தான் இருக்கிறாள், ஆனால் அந்தப் பெயருக்கு மலையில் நின்றது என் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லெட்சுமியின் சின்னப் பிள்ளை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சொன்னால் அந்தக் காம்பிரா போய்விடும். அக்கா இஸ்டோருக்கு ஓடியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. மீட்புக்காரர்கள் மண்வெட்டிகளைக் கழுவத் தொடங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது இஸ்டோர்ப் பக்கமிருந்து பெண்கள் மேலே ஏறி வந்தார்கள். கோயிலுக்கு ஓடியவர்களும் இறங்கி வந்து பாதையில் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் செபமாலை அக்கா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அதிகாரியைப் பார்க்கவில்லை, பட்டியலையும் பார்க்கவில்லை. பாதையின் நடுவில் நின்று ஒரு சத்தம் போட்டார்.

"அடியே, காலையில நின்ன மாதிரியே நிரையா நில்லுங்கடி!"

நிரை என்பது மலையில் ஒவ்வொருத்திக்கும் கொடுக்கிற தேயிலை வரிசை. மூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்க முடியாது. ஆனால் யாருக்கு இடப்பக்கம் யார் நிற்கிறாள், வலப்பக்கம் யார் என்பது ஒவ்வொருத்திக்கும் தெரியும். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, வம்பளந்துகொண்டே பறிப்பதால் குரல் வைத்தே தெரியும். அழுதுகொண்டே அந்தப் பெண்கள் பாதையில் வரிசையாக நின்றார்கள். செபமாலை அக்கா தன் வலது கையை நீட்டினார். கை யார் மேலும் படவில்லை. அடுத்த பெண் ஒரு ஆள் இடம் விட்டு நின்றாள்.

"எனக்கு வலது கைப்பக்கம் புஷ்பம் நின்னா. எங்கடி அவ?"

அதிகாரி அந்த வெற்றிடத்தைக் காட்டிக் கேட்டார். "மெத்தன கவுத ஹிட்டியே?" இங்கே யார் நின்றது? பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லெட்சுமியின் மாமியாரும் என்னைப் பார்த்தாள்.

"மகே அக்கா" என்றேன். என் அக்கா. அக்கா என்ற சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

செபமாலை அக்கா தான் நின்ற இடத்தைக் காட்டினார், ரோட்டுக்குக் கீழே மூன்றாவது கான் ஓரம். தண்ணீர் போகிற அந்தக் கானிலிருந்து ஒரு நிரை தள்ளித் தோண்டினார்கள். மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். வேரோடு சரிந்த தேயிலைச் செடிகளுக்கு அடியில் அக்கா இருந்தாள். இடது கால் நசுங்கியிருந்தது. உயிர் இருந்தது.

லெட்சுமி கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து, மறுபடி மலைக்குப் போய்க் காம்பிராவைக் காப்பாற்றிக்கொண்டாள். ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. பிறகு அக்காவின் கல்யாணத்துக்கு மருதாணி அரைத்தது அவள்தான். எல்லாம் விளங்கியும் நான் வாய் மூடி நின்ற கதை மட்டும் யாருக்கும் தெரியாது. அக்கா நொண்டி நடக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம், நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தக் காலைக் காப்பாற்றியிருக்கலாமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடல் தாண்டி வந்த பிறகும் அது அடங்கவில்லை.

5

"மிக்கோ, வேனில் கிடப்பது பழைய ஏழு. பெக்காவின் போனை நான் மாற்றிவிட்டேன்" என்றேன்.

விருந்தினர்கள் முன்னால்தான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன்.

"அவர் கையில் இருக்கிறது பட்டியலில் இல்லாத போன். மற்றவை தள்ளிவிட்ட குரல்களைக் காட்டு" என்றேன். தள்ளிவிட்டதை யாரும் பார்ப்பதில்லை, அது குப்பைக்குப் போகிற கணக்கு. அவன் திறந்து காட்டினான். ஆறாம் நம்பர் போன், எட்டாம் நம்பர், பதினொன்று, மூன்றுமே ஒரு அந்நிய நம்பரைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தன. கேட்டுக் கேட்டுத் தள்ளியிருந்தன. "ஆறுக்குப் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். எட்டுக்கும் பக்கத்தில். அந்தப் போன்களிடமே கேள்" என்றேன். அந்த நம்பரைக் கையால் பட்டியலில் ஏற்றி, மூன்று போனையும் அதை அளக்கச் சொன்னான். ஒரு சின்ன ஓடைக்கு அப்பால் புள்ளி வந்தது.

பெக்கா அங்கேதான் படுத்திருந்தார். உதடு நீலம். எழுந்து உட்கார்ந்ததும், "நன்றாகத் தூங்கிவிட்டேன்" என்றார். நல்ல மனிதர்.

வேனில் திரும்பும்போது, ஏன் மாற்றினேன் என்று மிக்கோ கேட்டான். பேருக்குப் போவதைப் பற்றிச் சொன்னேன். நிரையைப் பற்றிச் சொன்னேன். என் பின்னிஷ் நடுவில் இரண்டு தடவை உடைந்துபோனது. அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் எழுதிய அறிக்கையில் என் பிழையும் இருந்தது, அதற்குக் கீழே ஒரு யோசனையும் இருந்தது: தேடல் நேரத்தில் பட்டியலில் இல்லாத குரலைத் தள்ளக் கூடாது, அதன் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேட்க வேண்டும்.

6

ஞாயிற்றுக்கிழமை இங்கே பதினொரு மணிக்கு அக்கா வீடியோவில் வந்தாள். பால் பொங்கியதைக் காட்டினாள், கதவு இலக்கத்தைக் காட்டினாள், கழிவறையை மூன்று தடவை காட்டினாள். நான் வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவள், இருபத்தாறு வருடமாகச் சொல்லாததையும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த ஆபிசர் லெட்சுமி பேர அடிச்சப்ப நான் அங்கதான் இருந்தேன். தெரிஞ்சும் சொல்லல. ஒன் காலு..."

அழுகை வந்துவிட்டது. அக்கா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். அடுப்படிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கூறு கெட்டவளே. காலு மண்ணு விழுந்தப்பவே போயிருச்சு. நீ சொல்லி என்ன, சொல்லாம என்ன? நான் ஒன்னு சொல்றேன் கேளு. அவங்க மேல நின்னு லெட்சுமி, லெட்சுமின்னு கூப்பிட்டது எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"பதில் சொல்லலியா?"

"சொன்னேன்டி. 'இருக்கேங்க'ன்னு சொன்னேன். பெரட்டுல சொல்ற மாதிரியே மெதுவாத்தான் வந்துச்சு. உசுரு போற நேரத்துலயும் யாராவது நிமுந்து பாத்துருவாங்களோன்னு பயம். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். "படம் அனுப்பியிருக்கேன், பாத்தியா?" என்றாள்.

புது வீட்டு வாசலில் எல்லாரும் வரிசையாக நிற்கிற படம். அக்கா நடுவில், பட்டுச் சேலையில், ஒரு பக்கம் சாய்ந்து. அவளுக்கு இடப்பக்கம் செபமாலை அக்கா, உடம்பு பாதியாகிவிட்டது. வலப்பக்கம் ஓரத்தில் லெட்சுமி. அக்காவுக்கும் லெட்சுமிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். பின்னால் கதவு தெரிகிறது, அந்த இலக்கம் தெரிகிறது.

"என்னக்கா இது, லெட்சுமி அக்கா கொஞ்சம் ஒட்டி நின்னிருக்கலாமே?"

"அவ ஒட்டித்தான் வந்தா. செபமாலை அக்கா விடல. எனக்கு வலது கைப்பக்கம் நீ நிக்கிற எடம்டி அது."

என் வீட்டின் இலக்கம் சரியாக இருக்கிறது, தெருவுக்குப் பெயர் இருக்கிறது, தபால்காரர் தினமும் வருகிறார். இந்த நாட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று எல்லாக் கணினிக்கும் தெரியும். ஆனால் நான் இல்லாத இடத்தைக் காலியாக விட்டு நிற்பவர்கள் இந்தப் பூமியில் அந்த ஒரு வாசலில்தான் இருக்கிறார்கள்.

"மலரு, இருக்கியாடி? சத்தத்தையே காணோம்" என்றாள் அக்கா.

"இருக்கேன் அக்கா" என்றேன். நான் போட்ட சத்தத்தில் நிலா அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.